யாளி என்ன சாப்பிடும்?

டிஸ்கி: இது கேம் விமர்சனம் இல்ல, கோயில் கட்டுரையும் இல்ல. ஒரு சண்டையில ஆரம்பிச்சு கணக்குல முடிஞ்ச கதை. கணக்குன்னதும் ஓடிறாதீங்க மக்களே, பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

எங்க ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையம் பக்கம். பக்கத்துல தளவாய்புரம். ரெண்டு ஊரிலயும் எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். உங்க வீட்டுல யாராவது நைட்டி போட்டிருந்தா அது எங்க பக்கம் தைச்சதா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு. எங்க அம்மாவும் தைக்கிறாங்க. மேற்கே பார்த்தா மலை.

என் நண்பன் ஒருத்தன், அவனும் எங்க ஊர்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். நான் விலங்கியல். (ஏன் விலங்கியல்னு கேட்காதீங்க, சொந்தக்காரங்க கேட்டே ஓய்ஞ்சுட்டாங்க.) அவன் நாலஞ்சு மாசமா ஒரு கேம் செஞ்சுக்கிட்டிருக்கான். எல்லாரும் டிராகன் வைக்கிறான், நாம நம்ம ஊரு யாளியை வைப்போம்னு அவனுக்கு ஒரு ஆசை. நல்ல ஆசைதான். ஒருநாள் ராத்திரி கூப்பிட்டு காட்டினான். மலையில ஒரு குகை. உள்ளே போனா முப்பது யாளி. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, தந்தம், எல்லாம் அசத்தலா வரைஞ்சிருந்தான்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏன் மாப்ள, இதெல்லாம் என்னத்தத் தின்னுது?"

"பிளேயரைத்தான்."

"பிளேயர் வராத அன்னிக்கு?"

மானிட்டரை அணைச்சுட்டான். நாலு நாள் பேசல.

அந்த நாலு நாள்ல நான் செஞ்சதுதான் இந்தப் பதிவு.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. நான் யாளியை முதல்ல பார்த்தது மதுரை புதுமண்டபத்துல. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிர்ல இருக்கே, திருமலை நாயக்கர் காலத்துல கட்டினது, அதே தான். நான் சின்னப் பையன். அம்மா நைட்டிக்கு வைக்கிற லேஸ் வாங்க மதுரைக்குப் போகும்போது கூட்டிட்டுப் போவாங்க. அப்போ அந்த மண்டபம் முழுக்க கடைங்க. தூணுக்குத் தூண் டெய்லருங்க மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவங்க தலைக்கு மேல பின்னங்கால்ல எழுந்து நிக்கும் யாளி. கீழே ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறாங்க, மேலே கல்லுல ஒரு மிருகம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. எனக்கு பயமே வரல. இதுவும் டெய்லர் கடை ஆளு போலன்னு நினைச்சுக்கிட்டேன். இப்போ கடைகளை எல்லாம் வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. யாளி மட்டும் அங்கேயே இருக்கு.

யாளி நாயக்கர் காலத்துச் சரக்கு மட்டும் இல்ல. சங்கப் பாட்டுலயே யானையைக் கொல்ற ஆளின்னு ஒரு மிருகம் வருது. கோயில் தூண்ல பார்த்தா சிங்க முகத்தோட ஒண்ணு, யானை முகத்தோட ஒண்ணு, குதிரை முகத்தோட ஒண்ணுன்னு வகைவகையா இருக்கும். என் நண்பன் எடுத்துக்கிட்டது தும்பிக்கை வச்ச கஜயாளி. பல தூண்கள்ல யாளி காலடியில சின்னதா ஒரு யானை இருக்கும். ஆக, இது யானையை அடிக்கிற சைஸ் மிருகம். சரி, அந்த சைஸ்ல ஒரு சிங்கம் நிஜத்துல நிக்குமா?

இதைப் புரிஞ்சுக்க புத்தகத்தைத் தேடினேன். கடைசியில அம்மாகிட்ட கேட்டதுதான் விளங்குச்சு.

"அம்மா, இந்த நைட்டியை ரெண்டு மடங்கு பெருசா தைக்கணும்னா துணி எவ்வளவு ஆகும்?"

"நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு. நாலு மடங்கு ஆகும்யா. யாருக்கு, பூதத்துக்கா?"

"சரி, தலையணை உறையை அப்படி ரெண்டு மடங்கு ஆக்கினா பஞ்சு?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "நீளம், அகலம், உசரம் மூணும் கூடுதுல்ல. எட்டு மடங்கு அடைக்கணும்."

"நாலு மடங்கு துணிக்குள்ள எட்டு மடங்கு பஞ்சு. என்ன ஆகும்?"

"தையல் விட்டுரும்."

அவ்வளவுதான் மக்களே. இதைத்தான் கலிலியோ 1638ல ஒரு புத்தகத்துல எலும்புப் படம் போட்டு விளக்கியிருந்தார். மிருகத்தை ரெண்டு மடங்கு பெருசாக்கினா எடை எட்டு மடங்கு. எடையைத் தாங்குற எலும்போட குறுக்குவெட்டு நாலு மடங்குதான். எலும்புல ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட ரெண்டு பங்கு சுமையை இழுக்கணும். பத்து மடங்கு ஆக்கினா எடை ஆயிரம் மடங்கு, எலும்பு நூறு மடங்கு. ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926ல எழுதின ஒரு கட்டுரையில, சின்ன வயசுல கதைப் புத்தகத்துல பார்த்த ராட்சதர்களை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டு, இவங்க ஒரு அடி எடுத்து வச்சா தொடை எலும்பு முறிஞ்சிரும்னு சொன்னார். ஆக, நாங்க போட்ட சண்டை புதுசே இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் போட்டுட்டார். அந்த ஹால்டேன் 1957ல இந்தியாவுக்கே குடிவந்து, 1964ல புவனேஸ்வர்ல காலமானார். நம்மாளுன்னே சொல்லிக்கலாம்.

கேம் செய்றவங்க இந்தக் கணக்கை எப்படி மதிக்கிறாங்கன்னு ஒரு சாம்பிள். போக்கிமானில் வெய்லார்டுன்னு ஒரு திமிங்கிலம். நீளம் 14.5 மீட்டர், எடை 398 கிலோ. கடல்ல அந்த நீளத்துக்கு இருக்கிற ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் முப்பது டன்னை நெருங்கும். 398 கிலோன்னா அது திமிங்கிலம் இல்ல, பலூன். திருவிழாவுல நூல் கட்டி விக்கலாம்.

டிராகன் கதை இன்னொரு தினுசு. நாலு காலு, அது போக ரெண்டு றெக்கை. மொத்தம் ஆறு. மீன்ல இருந்து வந்த முதுகெலும்பு உள்ள கூட்டத்துல கை கால் றெக்கை எல்லாம் சேர்த்து நாலுதான். பறவையும் வௌவாலும் முன்னங்காலைக் கொடுத்துட்டுதான் றெக்கை வாங்கிச்சு. 2011ல வந்த ஸ்கைரிம் கேம்ல இதைச் சரியா பண்ணியிருப்பாங்க. அதுல டிராகனுக்கு ரெண்டு காலு, ரெண்டு றெக்கை, தரையில றெக்கையை ஊணி நடக்கும். அந்த வகையில நம்ம யாளிக்கு ஒரு சபாஷ். நாலு காலோட நிறுத்திக்கிச்சு.

இப்ப யாளியோட உடம்பு. நல்ல ஆண் சிங்கம் சுமார் 190 கிலோ. அதை நீளம் அகலம் உயரம் எல்லாத்துலயும் ரெண்டு மடங்காக்கினா ரெண்டு மீட்டருக்கு மேல தோள் உயரம் வரும். யானைகிட்ட நின்னா ஓரளவு எடுபடும். எடை எட்டு மடங்கு, அதாவது சுமார் 1,500 கிலோ.

தையல் விடுமா? இங்க நானே ஏமாந்தேன். விடாது! காண்டாமிருகம் ரெண்டு டன் இருந்தும் நல்லாவே ஓடுது. நம்ம மலையில இருக்கிற காட்டுமாடு ஒரு டன்னை நெருங்கும், அதுவும் ஓடுது. ஆக, யாளிக்குக் காலைக் கொஞ்சம் தடிமனாக்கி, எலும்பைக் கெட்டியாக்கினா சமாளிச்சிரும். பூனை மாதிரி பாயாது. தூண்ல இருக்கிற மாதிரி பின்னங்கால்லயே நிக்காது. ஆனா நடக்கும், ஓடும்.

தும்பிக்கைதான் இடிக்குது. யானைக்கு எதுக்குத் தும்பிக்கை? அதோட தலை அவ்வளவு கனம், தந்தம் வேற. அந்தக் கனத்தைத் தாங்க கழுத்து குட்டையா இருக்கணும். குட்டைக் கழுத்தை வச்சுக்கிட்டு உசரமான மிருகம் தரையில இருக்கிற புல்லை எடுக்க முடியாது, தண்ணி குடிக்க முடியாது. அதுக்குத்தான் அந்த நீளக் கை. இரையைக் கடிச்சுக் கொல்ற மிருகத்துக்கு வாய்தான் ஆயுதம். அந்த வாய்க்கு முன்னாடி எலும்பே இல்லாத, ரத்தக்குழாயும் நரம்பும் நிறைஞ்ச ஒண்ணைத் தொங்கவிட்டா என்ன ஆகும்? கடிக்கும்போதெல்லாம் நடுவுல வரும். யானையே நிஜமா தாக்க வரும்போது தும்பிக்கையைச் சுருட்டி உள்ள வச்சுக்கும். இன்னொண்ணு, யானைத் தந்தம் கோரைப்பல் இல்ல. அது மேல்வரிசை வெட்டுப்பல். சிங்கத்துக்கும் புலிக்கும் குத்திப் பிடிக்க உதவறது கோரைப்பல்.

இதையெல்லாம் எழுதி வச்சுட்டு, தும்பிக்கையைச் சின்னதாக்கு, காலைத் தடிமனாக்குன்னு சொல்லி சமாதானம் பேசலாம்னுதான் இருந்தேன். ஆனா நான் முதல்ல கேட்ட கேள்வி அப்படியே கிடந்தது. என்னத்தத் தின்னுது?

2002ல கிறிஸ் கார்போன், ஜான் கிட்டில்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் உலகத்துல உள்ள ஊனுண்ணிகளையும் அதுங்க இரையையும் எடைபோட்டுப் பார்த்தாங்க. காட்டுல 10,000 கிலோ இரை உயிரோட நடமாடினா, அதை நம்பி சுமார் 90 கிலோ ஊனுண்ணி பிழைக்கலாம். சின்ன மிருகமோ பெரிய மிருகமோ, கணக்கு கிட்டத்தட்ட இதேதான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இருக்கிற மானையெல்லாம் அடிச்சுத் தின்னா அடுத்த வருஷம் மான் இருக்காது. புதுசா பிறக்கிறதுல ஒரு பங்கைத்தான் எடுக்கலாம். பேங்க்ல போட்ட முதலைத் தொடாம வட்டியில குடும்பம் நடத்துற மாதிரி.

முதல்ல புலியை வச்சு சரிபார்த்தேன். 200 கிலோ புலிக்கு சுமார் 22,000 கிலோ இரை வேணும். புள்ளிமான் ஒண்ணு 50 கிலோன்னு வச்சா 440 மான். ஒரு புலிக்குப் பின்னாடி ஐந்நூறு மான் இருக்கணும்னு காட்டு விஷயம் தெரிஞ்சவங்க சொல்ற கணக்குக்கு இது பக்கத்துல வருது. சரி, கணக்கை நம்பலாம்.

இப்ப யாளி. 1,500 கிலோ. 90ஆல வகுத்து 10,000ஆல பெருக்குங்க. சுமார் 1,67,000 கிலோ இரை. யாளி யானையைத் தின்னுதுன்னு பாட்டே சொல்லுது. குட்டியும் பெருசும் கலந்து யானை ஒண்ணுக்கு சராசரி ரெண்டரை டன்னு வச்சா, ஒரு யாளிக்கு 67 யானை. நண்பன் குகையில முப்பது யாளி. முப்பதுக்கும் சேர்த்து 2,010 யானை.

தமிழ்நாட்டுக் காடுகள்ல மொத்தம் எத்தனை யானை இருக்கு தெரியுமா? 2024 கணக்கெடுப்புல 3,063. ஒரு குகைக்கு மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு!

இதுகூட தாராளமான கணக்கு. மான் வருஷா வருஷம் குட்டி போடும். யானைக்கு கர்ப்பமே கிட்டத்தட்ட 22 மாசம், அடுத்த குட்டிக்கு நாலஞ்சு வருஷம். வட்டி ரொம்பக் குறைஞ்ச பேங்க் அது. அப்படின்னா 67 பத்தாது, இன்னும் நிறைய வேணும். கார்போனும் அவர் கூட்டாளிகளும் 2007ல இன்னொரு கணக்கு போட்டாங்க. தரையில வேட்டையாடிப் பிழைக்கிற பாலூட்டி சுமார் 1,100 கிலோவுக்கு மேல வளர முடியாது, வேட்டைக்கு ஆகிற செலவு வரவைத் தாண்டிரும்னு. இன்னைக்கு இருக்கிறதுல பெரிய தரை ஊனுண்ணி துருவக்கரடி. ஆண் கரடி பொதுவா 400ல இருந்து 600 கிலோ. யாளி அந்தக் கோட்டைத் தாண்டி நிக்குது. "அப்போ டி-ரெக்ஸ்?"னு கேட்பீங்க. அது பாலூட்டி இல்ல. நம்மள மாதிரி உடம்பைச் சூடா வச்சுக்கவே பாதி சாப்பாட்டைச் செலவழிக்கிற ஜாதியா அது இருந்திருக்காதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க.

ஆக, யாளியைக் கொல்றது எலும்பு இல்ல, தும்பிக்கைகூட இல்ல. பசி.

இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சப்போ எனக்கு யாளி மறந்துபோய் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 2021 பிப்ரவரியில எங்க மேற்கு மலையை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. 1988லேயே சாம்பல் நிற மலையணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காட்டைச் சரணாலயமாக்கியிருந்தாங்க. இப்போ மேகமலையும் சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர். நான் அப்போ பள்ளிக்கூடம். வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டே எங்க மாமா கேட்டார்: "புலிக்கு எதுக்குடா ஆயிரம் கிலோமீட்டர்? அது என்ன விவசாயமா பண்ணப்போகுது?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் விலங்கியல் சேர்ந்தேன். ஒரு தடவை மறுபடியும் அதையே கேட்டார். "நீ படிக்கிறவன்தானே, சொல்லு." எனக்குப் பதில் வரல. "சூழல் சமநிலை மாமா"ன்னு பாடப்புத்தகத்துல இருந்து ஒரு வரி சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு, அது பதில் இல்லன்னு.

இப்ப பதில் இருக்கு. புலி வசிக்க அவ்வளவு இடம் வேணாம் மாமா. அந்த நானூறு மானும் மிளாவும் காட்டுப்பன்னியும் மேய்றதுக்குத்தான் இடம். இரை நிறைஞ்ச கர்நாடகத்து நாகர்ஹொளெ காட்டுல ஒரு பெண் புலி இருபது சதுர கிலோமீட்டர்லயே குடும்பம் நடத்திரும். இரை குறைஞ்ச ரஷ்யாவோட தூரக் கிழக்குல அதுக்கே நானூறு வேணும். ரெண்டும் புலிதான், சாப்பாடுதான் வேற. ஒரு புலி மட்டும் இருந்தா போதாது, ஜோடி வேணும், குட்டி வேணும், அந்தக் குட்டிக்குப் பிற்பாடு தனி இடம் வேணும். அப்படிப் பெருக்கிப் பாருங்க. ஆயிரம் பெரிய எண் இல்ல. வாசல்ல நின்னு பார்த்தா முடிவே இல்லாத மாதிரி தெரியற மலை, கணக்குல பார்த்தா ரொம்பச் சின்னது.

மாமாகிட்ட சொன்னேன். யாளியில இருந்துதான் ஆரம்பிச்சேன், 67 யானைன்னதும் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிஞ்சதும் "அப்போ மானைப் பார்த்துக்கிட்டா புலி தானா இருந்துக்கும்ங்கிற"ன்னார். நான் மூணு வருஷம் படிச்சதை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டார்.

அஞ்சாவது நாள் நண்பன் வீட்டுக்குப் போனேன். கணக்கு எழுதின பேப்பரைக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சான். தும்பிக்கையை மட்டும் தொடமாட்டேன்னுட்டான். "அது இல்லன்னா சிங்கம்டா, யாளி இல்ல." நியாயம்தான், விட்டுட்டேன். ஆனா குகையில இருந்த முப்பதுல இருபத்தொன்பதை அவனே அழிச்சான். ஒண்ணு போதும்னான். அதையும் குகைக்குள்ள வைக்கல, மலை முழுக்க அலைய விட்டான். யானைக் கூட்டம் போற பாதையில பின்னாடியே போகும். அதைக் கண்டுபிடிக்கவே பிளேயர் மிதிச்ச புல்லையும் சாணியையும் பார்த்துப் பார்த்துப் போகணும். "கொன்னா மறுபடி வருமா?"ன்னு கேட்டேன். "எங்கிருந்து வரும்? நீதானே 67 யானை கேட்கிற."

போன மாசம் காலேஜ்ல நடந்த விழாவுல அந்த கேமை ஒரு கம்ப்யூட்டர்ல வச்சிருந்தோம். ஜூனியர் பையன் ஒருத்தன் உட்கார்ந்தான். கை வேகமான பையன். கால் மணி நேரத்துல யாளியைத் தேடிப் பிடிச்சுக் கொன்னுட்டான். சுத்தி நின்னவங்க கைதட்டினாங்க. மார்க் ஏதும் வரல, பாட்டு வரல.

"அடுத்த யாளி எங்கண்ணா?"

"இல்ல தம்பி. அதான் கடைசி."

"அப்போ கேம் முடிஞ்சிருச்சா?"

"முடியல. நீ எவ்வளவு நேரம் வேணா சுத்தலாம்."

அவன் எந்திரிச்சுப் போயிருவான்னு நினைச்சேன். போகல. வரிசையில பின்னாடி நின்னவங்க சத்தம் போடுற வரைக்கும் அந்த மலையில நடந்துக்கிட்டே இருந்தான். யானைங்க மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் இவனைக் கண்டு ஓடல.

சரி மக்களே, நீங்க விளையாடுற கேம்ல இருக்கிறதுலயே பெரிய மிருகம் எது? நீங்க வராத அன்னிக்கு அது என்ன சாப்பிடும்? யோசிச்சுச் சொல்லுங்க, கணக்கு நான் போடறேன்.